மண் தானாக எழுந்த சுவர்

மணியம்மை தன் வாழ்க்கையில் முதன்முதலாகப் படகில் போனது தரைமேல்.

கே.ஜி.கண்டிகையைத் தாண்டி வேலிக்காத்தான் புதருக்குள் கால் மணி நேரம் நடந்தால் ஓர் ஏரி வரும். ஏரி என்பது தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் இருக்கிற பேர். வருஷத்தில் நாலு மாதம் அதில் தண்ணீர் நிற்கும், மற்ற எட்டு மாதம் எருமை நிற்கும். ஏரிக்கு நடுவே ரெண்டு ஏக்கரில் ஒரு மேடு. ஊரார் அதைத் திட்டு என்பார்கள். ஹேமநாதன் அதைத் தீவு என்றார். மாமனார் பேரில் பட்டா இருந்ததால் என்ன பேர் வைக்கவும் அவருக்கு உரிமை இருந்தது.

தீவு என்றால் படகில்தான் போக வேண்டும் என்பது அவர் போட்ட முதல் விதி. அப்போது சித்திரை மாதம், ஏரி பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கண்டிகை முக்கில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கும் நஜீர் அகமதுதான் வழி கண்டுபிடித்தார். பழைய மரப்படகு ஒன்றுக்கு அடியில் நாலு பைக் சக்கரம் பூட்டி, முன்னால் தன் மொபெட்டைக் கட்டினார். ஹேமநாதனும் சென்னையிலிருந்து அவரோடு வந்த பத்துப் பேரும் படகில் ஏறி, கையில் துடுப்போடு, புழுதியில் மிதந்து போனார்கள். எருமைகள் ஒதுங்கி வழிவிட்டன.

"துடுப்பு எதுக்கு பாய்?" என்று மணியம்மை நஜீரிடம் மெதுவாகக் கேட்டாள்.

"கைக்கு ஒரு வேல வோணும்ல மணிக்கா. சும்மா குந்திகினு வந்தா தீவுன்னு நம்பிக்க வராது."

ஹேமநாதன் சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் பதினெட்டு வருஷம் ஏ.சி. அறையில் உட்கார்ந்து, அடுத்தவர்கள் வேலை செய்வதைக் கவனித்துக்கொண்டிருந்தவர். இப்போது தைக்காத துணி கட்டி, செருப்பை விட்டு, தாடி வளர்த்து, அதே வேலையை மர நிழலில் செய்தார். தீவில் கரண்ட் கிடையாது, சிமெண்ட் கிடையாது, பிளாஸ்டிக் கிடையாது. ஏரிக்கரையில் மின்கம்பம் ஒன்று பளிச்சென்று நின்றது. அது கண்ணில் படக்கூடாது என்பதற்காக எல்லா ஜன்னலையும் எதிர்ப் பக்கம் வைக்கச் சொன்னார்.

மணியம்மை அங்கே வேடிக்கை பார்க்கப் போகவில்லை. பத்தொன்பது வருஷமாக அவள் முரளிதரன் மேஸ்திரியிடம் சித்தாள். சித்தாளுக்கு வேலை காலை ஏழு மணிக்குத் தொடங்கும். மணல் சலிக்க வேண்டும், தண்ணீர் தூக்க வேண்டும், கலவை போட்டு வைக்க வேண்டும். கொத்தனார் ஒன்பது மணிக்கு டீ குடித்துவிட்டு, பல்லைக் குத்திக்கொண்டு வருவார். வந்து கரணையைக் கையில் எடுத்தால் அவர் கொத்தனார். தலையில் சும்மாடு வைத்துக் கலவைப் பாண்டு தூக்கினால் அவள் சித்தாள். முரளிதரன் போன் பேச ஒதுங்கும்போதெல்லாம் அவள் ரெண்டு வரிசைக் கல் வைத்துவிடுவாள். அவர் திரும்பி வந்து அதன்மேல் மூன்றாவது வரிசை வைப்பார். எந்த வரிசை யாருடையது என்று அவருக்கு ஒருநாளும் தெரிந்ததில்லை.

ஒருதரம் வாய்விட்டே கேட்டாள். "கரணையா? உனுக்கா?" என்றார் முரளிதரன். "அப்ப பாண்ட என் தலையில வப்பியா?" சைட்டே சிரித்தது.

தீவு வேலைக்கும் முதலில் அவர்தான் வந்தார். அவளும் பாண்டோடு கூட வந்தாள். ஹேமநாதன் அவரை உட்காரவைத்து, களிமண்ணும் மணலும் வைக்கோலும் சேர்த்துக் காலால் மிதித்து, உருண்டை உருண்டையாக அடுக்கி எழுப்புவதுதான் சுவர் என்று ஒரு மணி நேரம் விளக்கினார். செங்கல் கிடையாது, தூண் கிடையாது, வட்டமான கூடம், ஒண்ணரை அடி கனம்.

முரளிதரன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் துண்டை உதறித் தோளில் போட்டார். "சார், நான் கொத்தனாரு. கொளவி இல்ல."

அவர் படகேறிய பிறகும் மணியம்மை நகரவில்லை.

"இன்னா, நீ வரல?"

"நான் கட்டறேன் மேஸ்திரி."

முரளிதரன் சிரித்த சிரிப்பில் படகு ஆடியது. தண்ணீர் இல்லாததால் கவிழவில்லை. "கட்டு. மேல கூரையும் போடு. போட்டுட்டு, அந்த சார் வாயாலயே 'இத மணியம்மதான் கட்டினா'ன்னு என் காதுபடச் சொல்லச் சொல்லு. அட்த்த சைட்டுல உன் கையில நானே கரணை தரேன். தோ, மலை மேல இருக்கறவன் சாட்சி."

கையைத் தூக்கித் திருத்தணி மலைப் பக்கம் காட்டியே சொன்னார். மனுஷனிடம் சொன்னதை முரளிதரன் பத்துத் தரம் மாற்றுவார். மலையைக் காட்டிச் சொன்னதை மாற்றமாட்டார். அந்த ஒரு பயம் அவருக்கு உண்டு. மணியம்மையின் நைனா கருப்புச் சட்டைக்காரர், அவளுக்குப் பேர் வைத்ததே அந்தக் கணக்கில்தான். சாமி சாட்சியெல்லாம் செல்லாது என்பார். ஆனால் இங்கே செல்ல வேண்டியது முரளிதரனுடைய பயம்தானே, அவளுடைய பக்தி இல்லையே என்று மணியம்மை சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

மண் ரெண்டே நாளில் அவளுக்குப் பிடிபட்டது. ஏரிக் களியில் எவ்வளவு மணல் சேர்ந்தால் வெடிக்காது, வைக்கோல் எவ்வளவு நீளம் இருந்தால் பிடிக்கும், ஒரு முழம் ஏற்றி எத்தனை நாள் காயவிட வேண்டும் என்பதெல்லாம் விரல் சொல்லிவிட்டது. மிதிக்கிற வேலையைப் பதினோரு பேரும் எடுத்துக்கொண்டார்கள். காலைச் சேற்றில் வைத்து, கண்ணை மூடி, பூமியோடு பேசினார்கள். பூமி பதில் பேசியதாகத் தெரியவில்லை. முள் குத்தியபோது இவர்கள் பேசியது மட்டும் கரை வரைக்கும் கேட்டது. பத்து மணிக்கு வெயில் ஏறியதும் எல்லோரும் நிழலுக்குப் போய்த் தங்கள் அனுபவத்தை நோட்டில் எழுதினார்கள். அதன் பிறகு மணியம்மை அந்த மண்ணை முதலிலிருந்து மிதித்தாள்.

சுவர் முழங்கால் அளவு வந்ததும் சனி ஞாயிறுகளில் சென்னையிலிருந்து விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். ஹேமநாதன் சுவரில் உள்ளங்கையை வைத்து, கண்ணில் லேசாக நீர் வைத்து, எல்லோரிடமும் ஒரே வாக்கியத்தைச் சொன்னார்.

"இத நாங்க கட்டல. யாருமே கட்டல. மண்ணு தானா எழுந்துச்சு."

முதல் தரம் கேட்டபோது, முழங்கை வரை சேற்றோடு நின்றிருந்த மணியம்மை தனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள்.

அன்று சாயங்காலம் அவரிடம் போனாள். அவரை சார் என்று கூப்பிடக்கூடாது, ஹேம் என்றுதான் கூப்பிட வேண்டும் என்பது விதி. அவள் ரெண்டையும் சேர்த்துக்கொண்டாள். "ஹேம் சார், வரவங்ககிட்ட நான்தான் கட்டறேன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

ஹேமநாதன் அவளைப் பரிவோடு பார்த்தார். "'நான்'ங்கறது ஒரு செங்கல்லும்மா. இங்க செங்கல்லுக்கு எடமில்ல."

மறுவாரம் ஒரு பலகை வந்தது. இயற்கைச் சாயத்தில் அழகாக எழுதியிருந்தது: 'மண் தானாக எழுந்த சுவர்.' அதற்குக் கீழே கொஞ்சம் பெரிய எழுத்தில்: 'நிறுவியவர்: ஹேமநாதன்.'

"மண்ணுக்கு நிறுவனரு இருக்காரு, கொத்தனாருதான் இல்ல," என்றார் நஜீர்.

ஆடிக் கிருத்திகைக்கு ஹேமநாதன் மலையேறிப் போனார். காவடிக் கூட்டத்தில் சிக்கி, மொட்டையடிக்கும் இடத்தில் ரெண்டு மணி நேரம் நசுங்கி நின்றதில் அவருக்கு ஒரு தரிசனம் கிடைத்தது. முடி கொடுத்தவர்கள் எல்லோரும் லேசாகப் படியிறங்கிப் போகிறார்கள். தீவுக்கு வந்து அறிவித்தார்: துறப்பு விழா. ஆளுக்கொரு பொருள், எது இல்லாமல் இருக்க முடியாதோ அது, சுவருக்குள் போக வேண்டும். மேலே மண் ஏறிவிடும். அதோடு விட்டது.

"முடி குட்த்தா மறுபடி மொளைக்கும். போனு மொளைக்குமா மணிக்கா?" என்று நஜீருக்கு மட்டும் சந்தேகம்.

பதினோரு பேரும் வட்டமாக நின்றார்கள். பதினோரு பேர் கையிலும் போன். மலையில் முடி கொடுக்கிறவர்களின் முகத்தை மணியம்மை சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறாள். இது அந்த முகம் இல்லை. இது அடகுக் கடையில் வளையலைக் கழற்றி வைக்கிறவள் முகம். திரும்பி வரப்போகிற முகம். அதனால் ஒவ்வொரு போனையும் வாங்கும்போதே, டீக்கடையில் கழுவி வாங்கி இடுப்பில் செருகி வைத்திருந்த பால் கவரில் சுற்றி, அதன்மேல் வைக்கோலை மூடித்தான் சுவரில் வைத்தாள். பிளாஸ்டிக் தீவுக்குள் வந்ததை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் அழுதுகொண்டிருந்தார்கள்.

கடைசியில் ஹேமநாதன் அவள் பக்கம் திரும்பினார். "நீங்களும் ஒண்ணு விடலாம்மா."

"எங்கிட்ட வுடறதுக்கு இன்னா சார் கீது?" என்றவள், சற்று யோசித்து, தலையிலிருந்த சும்மாட்டை எடுத்தாள். பத்தொன்பது வருஷம் கல்லும் கலவையும் சுமந்து கருத்துப்போன பழந்துணிச் சுருணை. வாசல் பக்கத்தில் அதை வைத்து, மேலே ரெண்டு உருண்டை மண்ணை ஓங்கி அறைந்தாள். அதற்கு அவள் பால் கவர் சுற்றவில்லை.

மூன்றாம் நாள் விடியற்காலை, மோனிகா வந்தாள். பத்துப் பேரில் அவள்தான் இளையவள், விழாவில் அதிகமாக அழுதவளும் அவள்தான்.

"அக்கா, ஒரு சின்ன ஹெல்ப். யாருக்கும் தெரியக்கூடாது."

"போனா?"

மோனிகா திடுக்கிட்டாள். "எப்படிக்கா? இல்ல, எனக்காக இல்ல. அம்மா பயந்துப்பாங்க. அதுவும் இல்லாம பேங்க்ல ஏதோ ஓ.டி.பி. கேப்பாங்க…"

"ஆங், அம்மா பயந்துப்பாங்க. நவுரு."

மணியம்மை கூடத்தின் உட்பக்கமாகத் துளை போட்டு எடுத்துக் கொடுத்தாள். துளையை ஈர மண்ணால் அடைத்தாள். மறுநாள் இன்னொருவர் வந்தார். அவருக்கு நாய்க்கு உடம்பு சரியில்லை, டாக்டருக்குப் போன் பண்ண வேண்டும். அதற்கடுத்த நாள் ரெண்டு பேர், பத்து நிமிஷ இடைவெளியில், ஒருவரை ஒருவர் பார்க்காமல். எல்லோரும் தனக்காக இல்லை என்றார்கள். எல்லோரும் "மத்தவங்க மனசு கஷ்டப்படும்" என்று சொல்லி அவளிடம் சத்தியம் வாங்கிக்கொண்டு போனார்கள்.

சத்தியம் பண்ணுவதில் அவளுக்குக் கஷ்டமில்லை. கஷ்டம் சுவரில் இருந்தது. காய்ந்த சுவரில் அடைத்த ஈர மண் காயும்போது சுருங்கி, ஓரமெல்லாம் விரிசல் விட்டது. அஞ்சாவது துளைக்குப் பிறகு, மேலே கட்டிய மண் ஒரு பக்கம் நூல் அளவுக்கு இறங்கியிருந்தது. இன்னும் ஆறு பேர் பாக்கி. இதன்மேல் பனஞ்சட்டம் உட்கார வேண்டும், கூரை ஏற வேண்டும். கூரை சரிந்தால் 'மண் தானாக விழுந்தது' என்று ஹேமநாதன் அதற்கும் ஒரு பலகை எழுதி வைப்பார். முரளிதரன் பாண்டை எடுத்து அவள் தலையில் கவிழ்ப்பார், இனி ஆயுசுக்கும் இறக்க முடியாது.

அன்று முழுக்க மணியம்மை சுவரெதிரே குந்தி உட்கார்ந்தாள். மறுநாள் அஞ்சு துளைகளையும் வெட்டித் திறந்தாள். ஒவ்வொன்றின் மேல் பக்கத்தையும் வில்லாக வளைத்து, உளுந்து வடை பதத்தில் மண் அப்பி, அகல் விளக்கு வைக்கிற பிறை மாதிரி செய்தாள். மேலே இருக்கிற பாரம் ரெண்டு பக்கமும் பிரிந்து இறங்கிவிடும். வாய்க்கு, தனியாகக் காயவைத்த ரெண்டு விரல் கன மண் மூடி. மூடியைச் செருகி மேலே ஈரக் கையால் ஒரு தடவு தடவினால் கண்ணை ஒட்டிவைத்துப் பார்த்தாலும் தெரியாது. நகத்தால் நெம்பினால் வந்துவிடும். பாக்கி ஆறு போன் இருந்த இடங்களிலும் கேட்கிறதுக்கு முன்னாலேயே பிறை விட்டுவிட்டாள்.

வந்தவர்களிடம், "இன்னா புள்ள, ஒவ்வொரு வாட்டியும் நான் தோண்ட முடியாது. இத்த நெம்பு, பேசு, திரும்ப வச்சி மூடு. ஒனுக்கு மட்டுந்தான் இந்த ஏற்பாடு," என்றாள். பத்துப் பேரிடமும் இதே வார்த்தை.

போன் வந்த பிறகு தீவில் எல்லோருக்கும் வயிறு கெட்டது. தனியாக உட்கார்ந்து பேச உரக் கழிப்பறையைத் தவிர வேறு இடம் கிடையாது. அதன் வாசலில் எந்நேரமும் மூணு பேர் வரிசையில் நின்றார்கள். உள்ளே போனவர் முக்கால் மணி நேரம் வெளியே வருவதில்லை. "சிறுதானியம் வேலை செய்யுது," என்று ஹேமநாதன் மகிழ்ந்தார்.

சார்ஜுக்கு நஜீர் இருந்தார். காலையில் பால் கொண்டுவரும் தூக்குச்சட்டிகளில் போன்களை எடுத்துப் போவார், சாயங்காலம் கொண்டுவருவார்.

"பத்துப் பேருது வருது மணிக்கா. பெரியவருது மட்டும் இன்னும் வரல. மனுஷன் நெஜமாவே துறந்துட்டாரு போல," என்றார் ஒருநாள், கொஞ்சம் மரியாதையோடு.

"அவசரப்படாத பாய்," என்றாள் மணியம்மை.

புரட்டாசியில், கூரை ஏறிய மறுநாள், ஹேமநாதன் வந்தார். முதலில் நிலாவைப் பற்றிப் பேசினார். பிறகு நிலையாமை பற்றிப் பேசினார். அப்புறம் தொண்டையைக் கனைத்தார்.

"அம்மா, மின்சாரமில்லா வாழ்வுன்னு ஒரு விருது தராங்க. நமக்குக் கிடைக்கும். ஆனா அப்ளிகேஷன்…" குரல் இறங்கியது. "ஆன்லைன்ல மட்டும்தான் போடணுமாம். எனக்காக இல்ல. சமூகத்துக்காக."

மணியம்மை நேராகப் போய் ஒரு மூடியை நெம்பி, அவருடைய போனை எடுத்துப் பால் கவரைப் பிரித்துக் கொடுத்தாள். பிளாஸ்டிக்கைப் பார்த்து அவர் முகம் ஒரு கணம் சுருங்கியது. பிறகு போன் காய்ந்திருப்பதைப் பார்த்து மலர்ந்தது.

"மத்தவங்களுக்குத் தெரிய வேண்டாம்மா. பாவம், உடைஞ்சு போயிடுவாங்க."

"ஆங். ஒடஞ்சிடுவாங்க," என்றாள். "ஹேம் சார், விருதுக்குப் பாக்க வரவங்ககிட்ட கட்டினது யாருன்னு கேட்டா…"

"மண்ணும்மா," என்றார் ஹேமநாதன், போனிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஐப்பசியில் ரெண்டு மழை பெய்து ஏரியில் இடுப்பளவு தண்ணீர் வந்தது. நஜீர் சக்கரங்களைக் கழற்றினார். ஆறு மாதம் புழுதியில் தைரியமாகத் துடுப்புப் போட்டவர்கள் படகு முதன்முதலாக மிதந்ததும் அலறிப் பிடித்துக்கொண்டார்கள்.

விருதுக் குழு சார்பில் வரதராஜன் வந்தார். ஓய்வு பெற்ற இன்ஜினியர்; சட்டைப் பையில் நாலு பேனா, கையில் ஒரு குட்டிச் சுத்தியல், தூக்குகுண்டு. அதே படகில் முரளிதரனும் வந்து இறங்கினார். மணியம்மைதான் சொல்லியனுப்பியிருந்தாள். மழையால் சைட்டில் வேலை நின்றிருந்தது, அவருக்கும் பொழுது போக வேண்டியிருந்தது.

முரளிதரன் கூடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்தார். சுவரைத் தட்டினார், கூரையை அண்ணாந்து பார்த்தார். நன்றாக இல்லை என்று சொல்ல ஒன்றும் அகப்படாததால் வெற்றிலையைத் துப்ப இடம் தேடினார். பிறகு பலகையைப் படித்துவிட்டுப் பல்லைக் காட்டினார்.

"இன்னா மணி, மண்ணு தானா எழுந்துக்கிச்சாமே. நீ தூங்கிட்ட போல!"

வரதராஜன் தூண்டில்காரரைப் போலப் பொறுமையாக, தூக்குகுண்டைச் சுவரோரம் தொங்கவிட்டுப் பார்த்தார். ஒரு படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தார். "கட்டியவர் பேரு?"

ஹேமநாதன் கண்ணை மூடினார். "எழுதிக்குங்க. மண்."

"மண்ணுக்கு இனிஷியல் உண்டா?"

படிவம் ஒன்றுதான், கட்டம் ஒன்றுதான். அதில் மண் என்று ஏறிவிட்டால் முரளிதரன் மலையைப் பார்த்து நிம்மதியாகக் கும்பிட்டுவிட்டுப் போவார். "சார்…" என்று ஓரடி எடுத்து வைத்தாள். ஹேமநாதன் கையை உயர்த்தி அவளை நிறுத்தினார்.

"எழுதறதுக்கு முன்னாடி நீங்க சுவரைக் கேக்கணும். நாங்க தினம் கேப்போம். ரெண்டு நிமிஷம் மௌனம். மின்சாரமில்லாத, அலைகளில்லாத மௌனம்."

பதினோரு பேரும் கூடத்துக்குள் வட்டமாக நின்று சுவரில் கை வைத்தார்கள். வரதராஜனும் வைத்தார். முரளிதரன்கூட வெற்றிலையை ஒரு கன்னத்தில் ஒதுக்கிக்கொண்டு வைத்தார். ஏரியில் ஒரு கொக்கு கூப்பிட்டது. அதுவும் நின்றது.

அப்போதுதான் மழை எச்சரிக்கை வந்தது. ஊரில் உள்ள எல்லாப் போனிலும் ஒரே நேரத்தில் சங்கு மாதிரி ஊதுமே, சத்தத்தைக் குறைத்து வைத்திருந்தாலும் மதிக்காமல் ஊதுமே, அந்த எச்சரிக்கை.

முதலில் வரதராஜன் பை ஊளையிட்டது. முரளிதரன் பை ஊளையிட்டது. அவர்கள் தடவி எடுத்து அமுக்கினார்கள். நஜீர் தன்னுடையதை அமுக்கினார். அதன் பிறகும் ஊளை நிற்கவில்லை. கிழக்கே ஒன்று, மேற்கே ரெண்டு, வாசலோரம் ஒன்று என்று சுவர் சுற்றிலும் வட்டமாக ஊளையிட்டது. முந்தின நாள் சாயங்காலம்தான் நஜீர் பதினொன்றுக்கும் நிறைய சார்ஜ் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஒண்ணரை அடிக் கன மண் சுவர் அடிவயிற்றிலிருந்து அதிர்ந்தது. ரெண்டு மூடிகள் தாமாகக் கழன்று விழுந்தன. உள்ளே வெளிச்சம்.

"சுவர் பேசுமுன்னீங்க," என்றார் வரதராஜன். "இவ்வளவு சத்தமா பேசுமுன்னு சொல்லலையே."

மோனிகா மற்றவர்களைப் பார்த்தாள். மற்றவர்கள் மோனிகாவைப் பார்த்தார்கள். ஒவ்வொரு முகத்திலும் முதலில் பயம், பிறகு ஒரு பெரிய ஆச்சரியம்: நீயுமா? கடைசியில் பத்துத் தலையும் மெதுவாக ஹேமநாதன் பக்கம் திரும்பின. அவருடைய கை எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடமும் ஊளையிட்டுக்கொண்டிருந்தது.

வரதராஜன் சுத்தியல் காம்பால் ஒரு மூடியை நெம்பி, உள்ளேயிருந்து போனை எடுத்து உயர்த்தினார். "இது யாருது?"

யாருடையதும் இல்லை.

"அப்ப இந்தப் பொந்தெல்லாம் யார் வச்சது?"

ஹேமநாதனுக்கு உயிர் வந்தது. வட்டத்தைவிட்டு ரெண்டடி பின்னால் நகர்ந்தார். "எனக்கு ஒண்ணும் தெரியாது சார்! நாங்க யாரும் இந்தச் சுவத்துல கையே வைக்கல. அடியிலேர்ந்து கூரை வரைக்கும் மணியம்மதான் கட்டினாங்க! அவங்க ஒருத்தர் மட்டும்தான் கட்டினாங்க!"

பத்துப் பேரும் வேகமாகத் தலையாட்டினார்கள்.

கூடத்தில் ஊளை ஒவ்வொன்றாக அடங்கியது. மணியம்மை இடுப்பில் கையை வைத்து நின்றாள்.

"ஹேம் சார், இன்னொரு வாட்டி சொல்லுங்க. சத்தத்துல மேஸ்திரி காதுல வுயிந்துதா இல்லியான்னு தெரியல."

"மணியம்மதான் கட்டினாங்க!" என்று ஹேமநாதன் கத்தினார். "நான் சத்தியமா சொல்றேன்!"

முரளிதரன் வெற்றிலையை விழுங்கிவிட்டார்.

வரதராஜன் அதற்குள் பிறைக்குள்ளே கையை விட்டுத் தடவிக்கொண்டிருந்தார். "இது அப்புறமா தோண்டின மாதிரி தெரியலையே. மேல வளைவு குடுத்திருக்கு."

"வளைவு இல்லாம பொந்து வுட்டா மேல இருக்கறது எறங்கிடும் சார்," என்றாள் மணியம்மை. "அஞ்சு எடத்துல மொதல்ல தோண்டிதான் எடுத்தேன். நூலளவு எறங்கிச்சு. அப்புறந்தான் எல்லாத்தையும் பிறையா மாத்தினேன். தூக்குகுண்டு போட்டீங்களே, எங்கயாவது சாஞ்சிகினு கீதா?"

"இல்லை," என்றார் வரதராஜன். முப்பத்தஞ்சு வருஷ சர்வீஸில் எத்தனையோ சுவரை இடிக்கச் சொல்லி எழுதிய ஆள் அவர். இந்த ஒரு வார்த்தை வருவதற்கே அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. படிவத்தைச் சுவர்மேல் வைத்து நிதானமாக எழுதினார். எழுதும்போதே வாய்விட்டுப் படித்தார். "கொத்தனார், மணியம்மை. இனிஷியல் என்னம்மா?"

"எஸ். எங்க நைனா பேரு சிங்காரம்."

மோனிகா திடீரென்று சிரித்துவிட்டாள். அவளைப் பார்த்து இன்னொருவர். ஹேமநாதனைத் தவிர எல்லோரும் சிரித்து, அவரவர் பிறையிலிருந்து அவரவர் போனை வெளிப்படையாக எடுத்துக்கொண்டார்கள். கழிப்பறைக்கு அன்றைக்கு வரிசையே இல்லை.

வரதராஜன் சுத்தியலால் சுவர் முழுக்கத் தட்டிக்கொண்டே போனார். பதினோரு இடத்தில் டொக்கென்று வெற்றுச் சத்தம். வாசல் பக்கத்தில் ஓரிடத்தில் மட்டும் சத்தம் வேறு மாதிரி, மெத்தென்று வந்தது. நின்றார்.

"இங்க என்ன?"

"அது என்னுது சார்," என்றாள் மணியம்மை. "உள்ளவே கெடக்கட்டும்."

விருது என்ன ஆகும் என்று ஹேமநாதன் படகுத்துறை வரை அவர் பின்னாலேயே வந்து கேட்டார். "மின்சாரமில்லா வாழ்வுக்கு எழுத மாட்டேன். கட்டடத்துக்குன்னு தனியா ஒரு பிரிவு இருக்கு, அதுக்கு எழுதறேன்," என்றார் வரதராஜன். "கூப்பிட்டா மேடையில கொத்தனார்தான் வந்து வாங்கணும்." ஹேமநாதன் வாயைத் திறந்தார். செங்கல்லைப் பற்றி ஏதோ சொல்ல நினைத்திருப்பார். மழை பிடித்துக்கொண்டது.

மழையில் திரும்பும் படகில் நஜீர் துடுப்புப் போட்டார். வரதராஜன் குடைக்குள் படிவத்தை அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரெதிராக மணியம்மையும் முரளிதரனும். மேகத்துக்குள் மலை பாதி தெரிந்தது. முரளிதரன் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்கத் தன்னாலானதைச் செய்தார். ஆனால் படகு மூக்கு அந்தத் திசையில்தான் இருந்தது.

"திரும்பி வேணா ஓட்டட்டுமா மேஸ்திரி?" என்றார் நஜீர்.

"நீ சும்மா கம்முனு இழு பாய்."

கரையில் இறங்குவதற்கு முன்னால் முரளிதரன், ஏரியைப் பார்த்துக்கொண்டே, "அம்மையார்குப்பத்துல ஒரு தறி ஷெட்டு வேல வந்துகீது," என்றார். "மழை வுட்டதும் ஆரம்பம்."

"ஆங்."

"பிறை கிறையெல்லாம் அங்க வேணாம்."

"கேட்டாத்தான் வப்பேன்." மணியம்மை புடவை முந்தானையைப் பிழிந்து தலைமேல் போட்டுக்கொண்டாள். தலை வெறுமையாக இருந்தது, மழை நேராக உச்சியில் விழுந்தது. "அப்ப எத்தினி மணிக்கு வரட்டும் மேஸ்திரி? சித்தாளு ஏழு மணிக்கி. கொத்தனாருக்கு எத்தினி மணிக்கி?"

முரளிதரன் பல்லைக் கடித்தார். மேகம் விலகி மலை முழுசாகத் தெரிந்தது.

"ஒம்போது," என்றார்.

"டீ குட்ச்சிட்டு வரேன்," என்று மணியம்மை படகிலிருந்து இறங்கினாள்.